காற்று தென்மேற்கு

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அப்பா மூன்று வருஷம்.
அங்கே படித்த எழுத்தையெல்லாம்
மீனுக்கே செலவழித்தார்.
மில்லில் கொடுத்த பழைய கணக்கு நோட்டு:
தேதி, காற்று, நிலா, தண்ணீரின் நிறம்,
ஷாட் ஏழு, கிரண்டர் ஒன்று,
தப்பியது ஒன்று, பெரியது.
தப்பியவை எல்லாமே பெரியவை.

உம்ஸிண்டோவில் குழந்தைவேல் படையாச்சி
இரண்டு பேர்.
ஒருவர் தையற்கடைக்காரர்.
எந்தக் குழந்தைவேல் என்று கேட்டால்
ஊர் மூக்கைப் பிடித்துக் காட்டும்.
அது அப்பா.

வாரம் முழுக்கக் கரும்பு லாரி.
வெள்ளிக்கிழமை ராத்திரி
அம்மாவின் குழம்புக் கரண்டியில் ஈயம் உருக்கி
ஈர மணலில் ஊற்றுவார்.
ஆறிய குண்டுகளை
எங்கள் பள்ளிக்கூட சாக்ஸில் போட்டு முடிந்து
விடியுமுன் போய்விடுவார்.
திங்கட்கிழமை நாங்கள் வெறுங்காலில் ஷூ மாட்டுவோம்.

பார்க் ரைனி பாறைக்குப் போகும் வழியில்
'வெள்ளையருக்கு மட்டும்' என்று ஒரு பலகை.
அதன் ஆணியில்தான் சாப்பாட்டுப் பையை மாட்டுவார்.
போலீஸ் வந்தால் எடுப்பார்,
போனதும் மாட்டுவார்.
"நல்ல ஆணி" என்பார்.
அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போரைப் பற்றியும் அப்படித்தான்.
துப்பாக்கி தரவில்லை, லாரி தந்தார்கள்.
டோப்ருக்கில் பிடிபட்டார். இத்தாலியில் பட்டினி.
திரும்பும்போது ஒரு கோட்டு.
எங்களுக்குத் தெரிந்த யுத்தம் இவ்வளவே.
கோட்டின் பித்தான்களைக் கடல் தின்றது.
பூபாலன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டால்
எதுவும் சொல்லாமல் பொறுக்கிச்
சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.
துவைக்கிற நாளில் அம்மா திட்டுவாள்.

ஜூன் இருபத்தொன்று அன்று மட்டும்
அவரை வீடு தாங்காது.
சார்டின் கரையேறும் காலம்.
அலையெல்லாம் மினுமினுக்க,
கூடை, பாவாடை, தலையணை உறை,
கைக்குக் கிடைத்ததோடு ஊர் ஓடும்.
இரண்டு தகரவாளி நிரப்பிக்கொண்டு
முதலில் சைக்கிளில், பிற்பாடு பெஷோ பிக்கப்பில்,
கடலுக்கு முதுகு காட்டி மேட்டுப் பக்கம் போவார்.
இருட்டிய பிறகு வெறும் வாளி வரும்.
"யாருக்கு?"
"கேட்டவங்களுக்கு."

டுடுடு சாலையில் ஒருத்தி இருக்கிறாள் என்று
தையல்நாயகி, எங்கள் அம்மா,
எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.
மற்ற நாளெல்லாம் அவருக்குச் சோறு மூடி வைப்பாள்.
அன்றைக்கு மட்டும் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

இருந்தாள்.
சாவுக்கு வந்தாள்.
அறுபது வயசு, தோளில் போர்வை,
மகன்கள் இருவர் தொப்பியைக் கழற்றி
வாசலிலேயே நின்றார்கள்.
அம்மா தனக்குத் தெரிந்த ஜூலுவில் கேட்டாள்,
கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி: நீ யார்?

"ம்கீஸேயின் மகள்.
அப்பா சண்டைக்குப் போனார், வரவில்லை.
உங்கள் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார்.
அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பிறகு வருஷம் தவறாமல் மீன்.
உள்ளே வாங்க என்றால் வரமாட்டார்.
வேலிக்கு வெளியே நின்று ஹாரன் அடிப்பார்.
கடைசி வருஷம்
ஹாரன் அடிக்கவே மறந்து நின்றிருந்தார்."

அம்மா நகர்ந்து
பாயில் இடம் விட்டாள்.

பதினாறாம் நாள் கழித்து நோட்டுகளைப் பிரித்தேன்.
எல்லா ஜூன் இருபத்தொன்றும் ஒரே மாதிரி.
காற்று தென்மேற்கு, தண்ணீர் கலங்கல்,
சார்டின் இரண்டு வாளி.
மீன் வராத வருஷங்களில்
டப்பா மீன் பன்னிரண்டு என்று
கடை ரசீது ஒட்டியிருந்தது.
அடியில் ஒரு வரி,
ஐம்பத்தைந்து வருஷமும் மாறாத வரி:
'லாரியில் இடம் இருந்தது.'

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.
முறத்தில் பருப்பைப் புடைத்தபடி
என் முகத்தையே பார்த்தாள்.
"என்னடி எழுதியிருக்கார்?"

காற்று தென்மேற்கு
என்றேன்.